1991 ஓக்லாந்து குன்றுத் தீ

ஓக்லாந்து குன்றுத் தீ என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக்லாந்து, பெர்க்லி ஆகிய நகரங்களின் கிழக்கு விளிம்பிலுள்ள குன்றுகளில் 1991 அக்டோபர் 20ஆம் நாள் மூண்டு, 25 பேரின் உயிரையும் ஏறத்தாழ 3000 வீடுகளையும் பறித்த காட்டுத்தீ ஆகும். கால்டிகாட் சுரங்கச் சாலைக்கு அருகில் தொடங்கியதால் அரசு ஆவணங்களில் இது 'டனல் தீ' எனக் குறிக்கப்படுகிறது. அப்பகுதி மக்கள் இதைத் 'தீப்புயல்' என்றே சொல்கிறார்கள்.

எரிந்த பரப்பு 1520 ஏக்கர், அதாவது சுமார் 6 சதுர கிலோமீட்டர். காட்டுத்தீக் கணக்கில் இது மிகச் சிறியது. கலிபோர்னியாவில் இதைப் போல நூறு மடங்கு பரப்பு எரிந்த தீக்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல ஆள் நடமாட்டம் குறைந்த மலைகளில் எரிந்தவை. இந்த 6 சதுர கிலோமீட்டரோ, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு துறைமுக நகரத்தின் ஓரத்தில், வீடுகள் நெருங்கி நின்ற சரிவில் இருந்தது.

இத்தீயைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் தொடக்கத்திலேயே ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். இது யாரும் எதிர்பாராத இடத்தில் வந்த தீ அன்று. இதே குன்றுத்தொடர் 1923இல் எரிந்தது, 1970இலும் எரிந்தது. 1991ஆம் ஆண்டுத் தீயும் முதல் நாளே பற்றி, முதல் நாளே அணைக்கப்பட்ட தீதான். அப்படியிருந்தும் மறுநாள் 25 பேர் எப்படி இறந்தார்கள் என்பதே இக்கட்டுரை விளக்க முயலும் கேள்வி.

குன்றும் காற்றும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ நகரம் உள்ளது. அதற்கு எதிரே கிழக்குக் கரையில் ஓக்லாந்தும், அதன் வடக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்பெற்ற பெர்க்லியும் அமைந்துள்ளன. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம் சமவெளி. அதன் பிறகு நிலம் சட்டென்று உயர்ந்து குன்றுகளாகிறது. குன்றுகளுக்கு அப்பால் வறண்ட உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள். கடலைப் பார்த்தபடி வீடு கட்டிக்கொள்ளும் ஆசையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே வசதியுள்ளவர்கள் குன்றுச் சரிவுகளில் குடியேறினர். தெருக்கள் சரிவின் போக்குக்கேற்ப வளைந்து வளைந்து போடப்பட்டன. பல இடங்களில் இரண்டு வண்டிகள் சிரமப்பட்டே ஒன்றையொன்று தாண்ட முடியும்.

ஆண்டின் பெரும்பகுதியில் இங்கே காற்று கடலிலிருந்து வீசும். குளிர்ச்சியும் ஈரமும் உள்ள காற்று. பனிமூட்டமும் அதனுடன் சேர்ந்து வரும். ஆனால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சில நாட்கள் காற்று திசை மாறிவிடும். உள்நாட்டு உயர்நிலத்தில் காற்றழுத்தம் மிகுந்து, அங்கிருந்து வடகிழக்குக் காற்று குன்றுகளைத் தாண்டிக் கடலை நோக்கிப் பாயும்.

நிலக்காற்று, கடற்காற்று பற்றி நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்தக் காற்று அந்தப் பாடத்தில் வரும் இரவு நேர நிலக்காற்று அன்று. இது மலைமுகட்டிலிருந்து கீழே இறங்கும் காற்று. இறங்கும்போது அழுத்தப்படுவதால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் வீதம் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்த மாணவனுக்கு இதை விளங்கவைப்பது எளிது. சூடாகச் சூடாக அதன் ஈரப்பதம் குறைகிறது. புல்லிலும் இலையிலும் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டே அது இறங்குகிறது.

கிழக்கேயுள்ள டயாப்லோ மலையின் பெயரால் இதற்கு 'டயாப்லோ காற்று' என்று பெயர். டயாப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் சாத்தான். இந்தப் பெயர் பொதுவழக்குக்கு வந்ததே 1991 தீக்குப் பிறகுதான்.

முன்பு எரிந்த இரண்டு முறை

1923 செப்டம்பர் 17ஆம் நாள், குன்றுமுகட்டுக்கு அப்பாலுள்ள வைல்ட்கேட் பள்ளத்தாக்கில் பற்றிய புல்தீ, இதே வடகிழக்குக் காற்றால் உந்தப்பட்டுப் பெர்க்லி நகரத்துக்குள் இறங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் 584 வீடுகள் சாம்பலாயின. பல்கலைக்கழக வளாகத்தின் வாசல் வரை தீ வந்துவிட்டது. பிற்பகலில் காற்று திசை மாறிக் கடற்காற்று வீசத் தொடங்கியதால்தான் நகரம் தப்பியது. அணைத்தது மனிதர்கள் என்பதைவிடக் கடற்காற்று என்பதே சரி.

அன்று தீயைக் கூரைக்குக் கூரை கடத்தியது மரச்செதில். மெல்லிய மரச்சில்லுகளை ஓடு போல அடுக்கி வேயும் கூரை அது. காய்ந்துவிட்டால் ஓலைக் கூரைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஒரு கங்கு வந்து விழுந்தால் போதும். அதுமட்டுமா, எரியும்போது செதில் செதிலாகப் பிய்ந்து காற்றில் பறந்து அடுத்த தெருவிலும் விழும். தீ அடங்கியதும் தீப்பிடிக்காத கூரையே போட வேண்டும் என்று பெர்க்லி நகராட்சி விதி இயற்றியது. ஆனால் அந்த விதி நிலைக்கவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. மரச்செதில் கூரைகள் மீண்டும் எழுந்தன.

1970 செப்டம்பர் 22ஆம் நாள், 1991இல் தீ தொடங்கிய இடத்தை ஒட்டியே இன்னொரு தீ மூண்டது. 37 வீடுகள் அழிந்தன. அந்த வீடுகள் பெரும்பாலும் அதே இடத்தில் மறுபடியும் கட்டப்பட்டன. 21 ஆண்டுகள் கழித்து அவையும் எரிந்தன.

தைல மரங்கள்

இந்தக் குன்றுகள் இயற்கையில் பெரும்பாலும் புல்வெளிகள். ஆங்காங்கே ஓக் மரங்களும் புதர்களும் இருந்தன. இன்று அங்கே காணப்படும் அடர்ந்த யூக்கலிப்டஸ் தோப்புகள் மனிதர்கள் நட்டவை. பொன்வேட்டைக் காலமான 1850களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இம்மரம் கலிபோர்னியாவுக்கு வந்தது. 1910களில் ஃபிராங்க் ஹேவன்ஸ் என்ற நில வணிகர், வேகமாக வளரும் இம்மரத்தை அறுத்து விற்றால் கொள்ளை லாபம் கிடைக்கும் என்று நம்பி, ஓக்லாந்துக் குன்றுகளில் லட்சக்கணக்கில் நட்டார். இளமரங்களை அறுத்துப் பார்த்தபோது பலகை முறுக்கிக்கொண்டது, வெடித்தது. எதற்கும் உதவவில்லை. வியாபாரம் கைவிடப்பட்டது, மரங்கள் அப்படியே நின்றன. பிறகு அந்தத் தோப்புகளுக்கு நடுவிலேயே மனை பிரித்து வீடு கட்டினார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இம்மரம் புதிதன்று. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விறகுக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த தைல மரத்தின் இனமே ஓக்லாந்திலும் நிற்கிறது. ஊட்டிக்குச் சென்றவர்கள் அதன் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்குவதையும், அடியில் இலைச்சருகு மெத்தை போலக் கிடப்பதையும் கண்டிருப்பார்கள். இலையில் எண்ணெய் உண்டு. தலைவலிக்குத் தேய்த்துக்கொள்கிறோமே, அதே எண்ணெய்தான். தொங்கும் பட்டை ஏணி போலத் தீயைத் தரையிலிருந்து மரவுச்சிக்கு ஏற்றிவிடும். எரியும் பட்டைத் துண்டு இலேசானது. காற்றில் வெகுதூரம் போகும்.

1972 டிசம்பரில் கடும் உறைபனி தாக்கி இம்மரங்கள் பெருமளவில் கருகின. தீயாபத்தை உணர்ந்து அப்போது பெரிய அளவில் வெட்டி அகற்றினார்கள். ஆனால் யூக்கலிப்டஸ் வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். தொடர்ந்து பராமரிக்கப்படாத இடங்களில் ஒரு மரம் நின்ற இடத்தில் நான்கைந்து மரங்கள் எழுந்தன. 1990 டிசம்பரில் மறுபடி உறைபனி. அதற்குமுன் 1987இல் தொடங்கிய வறட்சி 1991இல் ஐந்தாம் ஆண்டை எட்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் குன்றுச் சரிவு முழுவதும் காய்ந்த விறகாக இருந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

அணைந்ததாக நினைத்த தீ

அக்டோபர் 19, சனிக்கிழமை. நண்பகலைக் கடந்த நேரத்தில் பக்கிங்ஹாம் புலவார்டு என்ற தெருவின் அருகே செங்குத்தான சரிவில் புல் பற்றி எரிவதாகத் தகவல் வந்தது. ஓக்லாந்து தீயணைப்பு வீரர்கள் சென்றனர். அன்று காற்று பலமாக இல்லை. சில ஏக்கர் எரிந்தபின் தீ கட்டுக்குள் வந்தது. இத்தீ எப்படி மூண்டது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. யாரோ வைத்த தீ என்ற ஐயம் இருந்தது. ஆனால் எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

மாலையானதும் வண்டிகள் திரும்பின. தேவைப்பட்டால் உடனே பயன்படுத்தலாம் என்று தண்ணீர்க் குழாய்களைச் சரிவிலேயே விட்டுச் சென்றனர். இரவில் அவ்வப்போது வந்து பார்த்தனர். மேலே தீ தெரியவில்லை. ஆனால் பைன் மரங்களின் ஊசியிலைகள் உதிர்ந்து, மக்கி, தரையில் தடித்த அடுக்காகக் கிடந்தன. அதன் அடியில் சூடு கனன்றுகொண்டிருந்தது. சாம்பல் பூத்த அடுப்பைக் கிளறினால் கங்கு தெரியுமே, அந்த நிலை.

ஞாயிறு காலை வீரர்கள் திரும்பி வந்து புகைந்த இடங்களை நனைத்துக்கொண்டிருந்தனர். ஆகவே, அணைத்துவிட்டு அலட்சியமாகப் போய்விட்டார்கள் என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. மூண்ட நேரத்தில் அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். குறை வேறு இடத்தில் உள்ளது. வறண்ட காற்று வரப்போகிறது என்று வானிலை எச்சரிக்கை இருந்த நிலையில், இரவு முழுவதும் ஆள் நிறுத்தி, மண்ணைக் கிளறி, அடிச்சூட்டைத் தேடி அணைத்திருக்க வேண்டும். காட்டுத்தீயில் பழகியவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நகரத் தீயணைப்புத் துறையோ கட்டடத் தீக்குப் பழகியது.

காலை 11 மணிக்குச் சற்று முன்பு காற்று பலத்தது. ஒரே ஒரு கங்கு, முந்தைய நாள் எரிந்த பரப்புக்கு வெளியே நின்ற ஒரு மரத்தில் போய் விழுந்தது. மரம் வெடித்தாற்போலப் பற்றிக்கொண்டது. அதன் பிறகு நடந்ததை எந்தத் தீயணைப்புத் துறையும் தடுத்திருக்க முடியாது.

முதல் ஒரு மணி நேரம்

அன்று வெப்பநிலை 32 பாகை செல்சியசைத் தாண்டியிருந்தது. காற்றின் வீச்சு சில நேரங்களில் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டியது. தீ ஒரே திசையிலும் போகவில்லை. குன்றின் மடிப்புகளில் காற்று சுழன்றதால், தீ மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் பாய்ந்தது. பெருந்தீ தானே காற்றை உள்ளே இழுத்துத் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் நிலைக்குத்தான் தீப்புயல் என்று பெயர்.

சுரங்கச் சாலையின் அருகிலிருந்த பார்க்வுட் அடுக்குமாடிக் குடியிருப்பு முதலில் விழுந்தது. அடுத்து ஹில்லர் ஹைலண்ட்ஸ் என்ற குடியிருப்புப் பகுதி. முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் 790 கட்டடங்கள் தீக்கிரையாயின. நிமிடத்துக்கு எத்தனை என்று மாணவர்கள் வகுத்துப் பார்க்கலாம்; 13 வரும். ஒரு வீட்டின் முன் ஒரு தீயணைப்பு வண்டியை நிறுத்திக் குழாயைப் பிரிப்பதற்குள் அந்தத் தெருவே போய்விடும் வேகம் அது.

தீயை நிறுத்தும் என்று நம்பியிருந்த எல்லை ஒன்று இருந்தது. குன்றின் அடிவாரத்தில் 8 வழித்தடங்கள் கொண்ட 24ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. அவ்வளவு அகலமான கான்கிரீட் பரப்பைத் தீ தாண்டாது என்பது பொதுவான எண்ணம். தீ நடந்து வரவில்லை, பறந்து வந்தது. கங்குகள் அந்தச் சாலையையும் தாண்டி, 13ஆம் எண் நெடுஞ்சாலையையும் தாண்டி, ராக்ரிட்ஜ் பகுதியில் விழுந்தன. விரிகுடாவுக்கு அப்பால் சான் பிரான்சிஸ்கோவிலும் சாம்பல் உதிர்ந்தது. 1915இல் மரத்தால் கட்டப்பட்ட கிளேர்மாண்ட் விடுதி, நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெரிய வெள்ளைக் கட்டடம், எரிந்துவிடும் என்றே பலரும் நினைத்தனர். அது பற்றியிருந்தால் கீழேயுள்ள பெர்க்லிக் குடியிருப்புகளுக்கும் தீ இறங்கியிருக்கும். விடுதி தப்பியது. மாலையில் காற்று தணிந்ததும்தான் தீயின் வேகம் அடங்கியது. 1923இல் போலவே இம்முறையும் நகரத்தைக் காத்தது காற்றின் மாற்றம். முழுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது அக்டோபர் 23ஆம் நாள்.

தண்ணீரும் அரை அங்குலமும்

தீயை அணைக்க நூற்றுக்கணக்கான வண்டிகள் கலிபோர்னியா முழுவதிலுமிருந்து விரைந்தன. வந்தவர்கள் தங்கள் குழாயை ஓக்லாந்தின் தெருவோர ஹைட்ரண்டில் மாட்ட முயன்றபோது அது பொருந்தவில்லை. ஓக்லாந்தின் ஹைட்ரண்ட் வாய் 3 அங்குலம். பக்கத்து ஊர்களின் குழாய் இணைப்பு 2½ அங்குலம். இடையில் மாட்டுவதற்கு அடாப்டர் வேண்டும். அவை போதிய எண்ணிக்கையில் இல்லை. முன்னே தீ, பின்னே தண்ணீர், நடுவில் அரை அங்குலம்.

இதில் வேதனை என்னவென்றால் இந்தப் பாடம் புதிதே அன்று. 1904இல் பால்டிமோர் நகரம் எரிந்தபோது மற்ற நகரங்களிலிருந்து வந்த வண்டிகளின் குழாய்கள் இப்படித்தான் பொருந்தாமல் போயின. அதன் பிறகுதான் அமெரிக்கா முழுவதற்கும் 2½ அங்குல அளவு தரமாக வகுக்கப்பட்டது. 87 ஆண்டுகள் கழித்தும் ஓக்லாந்து தன் பழைய அளவையே வைத்திருந்தது. மாற்றுவதற்குச் செலவாகும், தினசரி வேலைக்கு அந்த அளவால் எந்தத் தொல்லையும் இல்லை. வெளியூர் வண்டி வரும் நாளில்தான் அது குறை என்று தெரியும்.

மாட்ட முடிந்த ஹைட்ரண்டுகளிலும் சிறிது நேரத்தில் தண்ணீர் நின்றது. குன்றின் மேல் வெவ்வேறு உயரங்களில் நீர்த்தொட்டிகள் உண்டு. கீழிருந்து மின்சாரப் பம்புகள் அவற்றுக்கு நீர் ஏற்றும். மின்கம்பிகள் எரிந்து அறுந்ததும் பம்புகள் நின்றன. தொட்டியில் இருந்ததுதான் மிச்சம். அதுவும் வேகமாக வடிந்தது. தப்பி ஓடியவர்களில் பலர் கூரை நனையட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தனர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எரிந்து விழுந்த வீடுகளின் உடைந்த குழாய்களிலிருந்தும் நீர் வீணாகக் கொட்டியது. முக்கியமான 10 தொட்டிகள் வறண்டன.

வானொலித் தொடர்பும் குழம்பியது. ஒரே அலைவரிசையில் எல்லோரும் பேசினர். வெளியூர் வண்டிகளில் சிலவற்றின் கருவி அந்த அலைவரிசையையே எடுக்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் வீரர்கள் காத்து நிற்கும் நிலையும் ஏற்பட்டது.

சாரிங் கிராஸ் சாலை

இறந்த 25 பேரில் பெரும்பாலோர் சாரிங் கிராஸ் சாலை என்ற ஒரே தெருவிலும் அதையொட்டிய குறுகிய தெருக்களிலும் இறந்தவர்கள். வீட்டுக்குள் சிக்கியவர்களைவிட, வீட்டைவிட்டு வெளியேறி வண்டியில் ஏறியவர்களே அதிகம். வளைவுகள் நிறைந்த குறுகலான தெரு. இரு புறமும் மரங்கள். புகையில் எதிரே வருவது தெரியவில்லை. ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்க வேண்டும். அப்படித்தான் நின்றன. தீ வரிசையின் மேல் கடந்துபோனது. சிலர் வண்டிகளை விட்டு இறங்கிச் சரிவில் புதர்களுக்கிடையே உருண்டு புரண்டு கீழே ஓடித் தப்பினர்.

ஓக்லாந்து காவலர் ஜான் க்ரூபென்ஸ்கி அங்கே சிக்கியவர்களை வெளியேற்ற முயன்றபோது அவர்களுடனேயே இறந்தார். தீயணைப்புப் பிரிவுத் தலைவர் ஜேம்ஸ் ரைலி, ஒரு பெண்மணியைக் காப்பாற்றச் சென்று அவருடன் சேர்ந்து உயிரிழந்தார். இருவரும் திரும்பி வந்திருக்க முடியும் என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தத் தெருக்களின் அகலம் யாருக்கும் தெரியாத இரகசியமாக இருக்கவில்லை. தீயணைப்பு வண்டி மேலே ஏறும்போது குடியிருப்போர் வண்டி கீழே இறங்க முடியாது என்பது ஒவ்வொரு நாளும் அங்கே வண்டி ஓட்டியவர்கள் அறிந்ததுதான்.

அழிந்தவை

பொதுவாகத் தரப்படும் கணக்கின்படி 2843 தனி வீடுகளும் 437 அடுக்குமாடி வீடுகளும் அழிந்தன. ஏறக்குறைய 150 பேர் காயமுற்றனர். சேதத்தின் மதிப்பு அன்றைய பணத்தில் சுமார் 150 கோடி டாலர். நகரம் அப்போதுதான் ஓர் அடியிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1989 அக்டோபர் 17இல் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் தாக்கி, ஓக்லாந்தின் சைப்ரஸ் மேம்பாலச் சாலை இடிந்து 42 பேர் இறந்திருந்தனர்.

பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த பகுதி என்பதால் எரிந்த வீடுகளில் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், கலைஞர்களின் வீடுகள் பல. சீன-அமெரிக்க எழுத்தாளர் மேக்சின் ஹாங் கிங்ஸ்டன், இறந்த தந்தைக்கான சடங்குகளில் கலந்துகொண்டு திரும்பி வரும் வழியில் தீயைப் பற்றிக் கேள்விப்பட்டார். வீட்டுடன் அவர் எழுதிக்கொண்டிருந்த 'நான்காம் அமைதி நூல்' என்ற நாவலின் கையெழுத்துப் படியும் எரிந்துபோனது. வேறு படி இல்லை. அந்த இழப்பிலிருந்தே தொடங்கி மறுபடி எழுதினார். 'ஐந்தாம் அமைதி நூல்' 2003இல் வெளிவந்தது. கணினி விளையாட்டு வடிவமைப்பாளர் வில் ரைட்டும் தன் வீட்டை இழந்தார். ஒரு வீட்டை மறுபடி அமைக்க மனிதனுக்கு என்னென்ன பொருள்கள் வேண்டியிருக்கின்றன, எது முதலில் வேண்டும், எது இல்லாமலும் வாழலாம் என்று எண்ணத் தொடங்கியதிலிருந்து, 2000இல் வெளியான 'தி சிம்ஸ்' விளையாட்டு உருவானது. அதை விளையாடிய இளைஞர்கள் பலருக்கு அதன் பின்னால் ஒரு தீ இருப்பது தெரியாது.

இவை பெயர் தெரிந்தவர்களின் கதைகள். மற்றவர்கள் இழந்த புகைப்படங்களுக்கும் கடிதங்களுக்கும் கணக்கு இல்லை.

தீக்குப் பிறகு

காப்பீடுதான் முதல் சண்டை. வீடு முழுமைக்கும் காப்பீடு இருக்கிறது என்று நம்பியிருந்த பலர், மீண்டும் கட்டும் செலவுக்கு அந்தத் தொகை போதாது என்பதைத் தீக்குப் பிறகே அறிந்தனர். பாதிக்கப்பட்டவர்களுக்கு வழிகாட்ட அப்போது உருவான 'யுனைடெட் பாலிசிஹோல்டர்ஸ்' என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது.

சட்டங்கள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. தீப்பகுதியில் சொந்த வீடு வைத்திருந்த மாநில மேலவை உறுப்பினர் நிக்கோலஸ் பெட்ரிஸ் கொண்டுவந்த சட்டம் 1993 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பேரிடரில் எல்லாத் துறைகளும் ஒரே கட்டளை முறை, ஒரே சொல்வழக்கு, ஒரே அமைப்பின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 'நிலைப்படுத்தப்பட்ட அவசரநிலை மேலாண்மை முறை' என அது அறியப்படுகிறது. டாம் பேட்ஸ் என்ற உறுப்பினரின் பெயரால் வழங்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டம், நகரங்களுக்குள்ளும் மிகுந்த தீயாபத்துள்ள பகுதிகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. அதுவரை காட்டுத்தீ என்பது காட்டுக்கு உரியது என்றே நிர்வாகம் எண்ணிவந்தது. ஓக்லாந்து தன் ஹைட்ரண்டுகளை 2½ அங்குலத்துக்கு மாற்றியது. கூரை விதிகள் இறுகின. மரச்செதில் கூரை இம்முறை திரும்பி வரவில்லை.

வீடுகள் திரும்பி வந்தன. முன்பு இருந்ததைவிடப் பெரிதாக, மனையின் எல்லை வரை நிரப்பி எழுந்தன. ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குறைந்தது. தெருக்களை அகலப்படுத்த நிலம் எடுக்க வேண்டும். நிலம் கொடுக்க யாருக்கும் மனமில்லை. பெரும்பாலான தெருக்கள் பழைய அகலத்திலேயே உள்ளன.

சருகு அகற்றவும், புதர் வெட்டவும், ஆடுகளை மேயவிட்டுப் புல்லைக் குறைக்கவும் பணம் வேண்டும். அதற்காகக் குன்றுப் பகுதி வீட்டுக்காரர்களிடம் தனி வரி வசூலிக்கும் ஏற்பாடு தீக்குப் பிறகு செய்யப்பட்டது. 1997இல் அது காலாவதியானது. 2004இல் மீண்டும் வாக்களித்துக் கொண்டுவந்தனர். 2013இல் அதை நீட்டிக்க வாக்கெடுப்பு நடந்தபோது, தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மிகச் சில வாக்குகளில் தவறிப்போனது. தீயின்போது பிறந்த குழந்தைக்கு அப்போது 22 வயது. 1970க்கும் 1991க்கும் இடையில் இருந்ததும் ஏறக்குறைய அதே இடைவெளிதான். 2024 நவம்பரில் புதிய வரிக்கு மக்கள் ஒப்புதல் அளித்தனர்.

தீ தாண்டி வந்த ராக்ரிட்ஜ் பகுதியில் உள்ள ரயில் நிலையத்தில் ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. பகுதி மக்கள் தங்கள் கையால் வரைந்து சுட்ட சுமார் 2000 ஓடுகளால் ஆன சுவர் அது. ரயிலுக்குப் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்தே செல்கிறார்கள்.